சிவப்பு யாருக்கும் தெரியவில்லை, அண்ணே

என் அன்பு அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது, அதான் எழுதுகிறேன்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண் உனக்கு. மைன்ஸ் வேலைக்கான மெடிக்கலில் அதனால்தான் கழித்துவிட்டார்கள். பண்ருட்டி மண்டியில் போய்ச் சேர்ந்தாய். "பலாப்பழத்துக்குக் கலர் எதுக்கு, தட்டிப் பாத்தா போதும்" என்று சிரிப்பாய். சட்டை எடுக்க மட்டும் என்னைக் கூட்டிப் போவாய்.

ஒருநாள் எங்கள் குவார்ட்டர்ஸில் என் மகனின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாய். நட்சத்திரங்கள் பிறக்கிற மேகத்தின் படம். "செவப்புன்னு கீழ போட்டிருக்கு செல்வி, நெஜமாவே அப்படியா தெரியும்?" என்றாய். அடுப்பில் குழம்பு, எனக்கு எரிச்சல். "உன் கண்ண வச்சிகினு வானத்துல வேற கலர் பாக்கப் போறியாண்ணே?" என்றேன். நீ சிரித்தாய். அதற்கப்புறம் எந்தக் கலரையும் என்னிடம் கேட்கவில்லை. என் நாக்கில் சூடு போட்டிருக்க வேண்டும்.

போன தையில் பள்ளிக்கூட மைதானத்தில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டினார்கள். அதே மேகத்தைப் பார்த்தேன். கஞ்சி ஆவி மாதிரி சாம்பலாக ஒரு வெளிறல், அவ்வளவுதான். "செவப்பு எங்கம்மா?" என்று அங்கிருந்த டீச்சரைக் கேட்டேன்.

"இருக்குங்க. பக்கத்துச் சூடான நட்சத்திரத்தோட ஒளி பட்டு ஹைட்ரஜன் செவப்பா ஒளிருது. வெறும் தூசி மேகம்னா நீலத்த அதிகமா சிதறடிக்கும், நம்ம வானம் மாதிரி. தூசி ரொம்ப அடர்த்தியா இருந்தா, பின்னாடி வெளிச்சத்த மறைச்சிக் கறுப்பாயிடும். ஆனா இவ்ளோ மங்கலான வெளிச்சத்துல நம்ம கண்ணு கலர் பிரிக்காது. கேமரா ரொம்ப நேரம் வெளிச்சத்தச் சேத்துவச்சிக் காட்டுது."

"யாருக்குமே தெரியாதா?"

"சிலருக்கு லேசாப் பச்சை தெரியும். செவப்பு தெரியாதுங்க."

வரிசையை விட்டு விலகி நின்று அழுதேன். எவ்வளவு சரியான கேள்வி கேட்டிருக்கிறாய், அண்ணே. எனக்கு ஏன் அது தோன்றவே இல்லை?

உன் மகள் இன்னமும் "அத்தைதான் எங்கப்பாவுக்குக் கண்ணு" என்று எல்லாரிடமும் பெருமை பேசுகிறாள். கேட்கக் கூசுகிறது. வருகிற தையில் அவளை அந்த மைதானத்துக்கு அழைத்துப் போவேன். அவள் பார்த்து முடித்ததும், அன்றைக்கு உன்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடுவேன். இது சத்தியம். நீ திட்டாமல் விட்டதற்கு அவளாவது என்னைத் திட்டட்டும்.

உன்னோடு பிறந்த வாயாடி,
செல்வி