எல்லாக் கதவையும் தட்டினேன்

14.3.1999, ஞாயிறு இரவு

காலையில் வாசகர் கூட்டத்தில் பாண்டிய மன்னன் ஒருவனின் கதையைச் சொன்னேன். கணவன் வெளியூர் போன வீட்டுக்குத் தானே காவல் என்று வாக்களித்தவன், ஓர் இரவு உள்ளே ஆண் குரல் கேட்டுக் கதவைத் தட்டுகிறான். வந்திருந்தது கணவனே. மனைவிமேல் பழி விழாதிருக்கத் தெருவின் எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டு ஓடுகிறான். மறுநாள் சபையில் தானே குற்றத்தைச் சொல்லிக் கையை வெட்டிக்கொள்கிறான். இன்றைக்கும் நமக்கு இது பாடம் என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

மூன்று மணிக்கு ஈஜிபுராவில் என் வீட்டுக்குத் திரும்பி மாடியேறும்போது, கீழே குடியிருக்கும் செல்வியின் வீட்டில் ஆண் குரல். அவள் கணவன் முருகன் வேன் ஓட்டப் போயிருக்கும் நேரம். வீட்டுக்காரன் என்ற உரிமையில் தட்டினேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முருகனே திறந்தான். காய்ச்சலென்று பாதியில் வந்துவிட்டானாம்.

"இன்னா சார்?"

"தண்ணி வருது. சொல்லலாம்னு வந்தேன்."

அந்தப் பொய்யைக் காப்பாற்ற மற்றக் குடித்தனக்காரர்களின் கதவுகளையும் தட்டினேன். எல்லோரும் குடத்தோடு வந்து வறண்ட குழாயைச் சுற்றி நின்றார்கள். முருகனும் நடுங்கிக்கொண்டு நின்றான். செல்வி மட்டும் குழாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

இருட்டியதும் முருகன் மேலே வந்தான். "அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட் சார். நீங்க மேல இருக்கீங்க, எனக்கு பயமில்ல."

சரி என்று தலையாட்டினேன்.

தட்டிய கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.