ஸ்டீவைப் பற்றி உன்னிடம் சொல்லாதது

மயிலாப்பூர்,
அக்டோபர் 19

அன்பு மகள் பிரிஸில்லாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் அப்பாவும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஆஸ்வினும் பாப்பாவும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன், ஒரு தடவை பால் பொங்குகிறதா என்று பார்க்க, மற்ற இரண்டு தடவை எதற்கென்றே தெரியவில்லை. மெட்ரோவுக்குத் தோண்டுவதில் மேசை வேறு அதிர்கிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வருஷம் உன் பிரசவத்துக்கு வந்தபோது நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பகலில் பாப்பா கண்ணயர்ந்தாலே மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பேன், மூச்சு தெரியாவிட்டால் உலுக்கி எழுப்பிவிடுவேன். "அம்மா, நீ இருக்கிறது எனக்கு ஒத்தாசையா இல்ல, பயமா இருக்கு" என்று அழுது, ஒரு மாதம் முன்னதாகவே என்னை விமானம் ஏற்றினாய். உன்மேல் கோபமில்லை. இங்கே வந்தும் அது விடவில்லை. சாப்பிட்டுப் படுத்த அப்பாவை எழுப்பி எழுப்பி, ஒருநாள் அவர், "உயிரோடதான் இருக்கேன் மர்சலின், கொஞ்சம் தூங்க விடு" என்று கத்திவிட்டார். என்னோடு வேலை பார்த்த ஆரோக்கியமேரி டீச்சர்தான் அடையாறில் ஒரு கவுன்சிலரிடம் கூட்டிப்போனாள். அப்பா வார்டு கவுன்சிலர் என்று நினைத்து, "நம்ம தெரு சாக்கடையையும் சொல்லிட்டு வா" என்றார்.

நஸ்ருன்னிசா என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, வெறும் பேச்சுக்கு எதற்கு ஆட்டோ ஏறி வர வேண்டும் என்று இரண்டு வாரம் முணுமுணுத்தேன். மூன்றாவது வாரம் அவள், "இப்படி மூச்சு இருக்கான்னு முதல்ல யாருக்குப் பார்த்தீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். என் வாயிலிருந்து ஸ்டீவ் என்று வந்தது. பிரிஸில்லா, உனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நீ பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால், நாற்பத்தொரு நாள் இருந்தான். ஒரு மத்தியானம் தூளியில் தூங்கினான், நான் பக்கத்து அறையில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது உடம்பு சில்லென்று இருந்தது. யார் தப்பும் இல்லை என்றார் டாக்டர். அடுத்த குழந்தை வந்தால் மறந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், போட்டோவைக்கூட எடுத்து ஒளித்துவிட்டார்கள். அதன்பின் நானும் அப்பாவும் அவன் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷம்.

நஸ்ருன்னிசா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மத்தியானத்தையே வாராவாரம் சொல்லச் சொன்னாள். முதலில் அவள்மேல் கோபம்கூட வந்தது, ஆனால் போகப்போக அழாமல் முழுதாகச் சொல்ல முடிந்தது. போன மாதம் அப்பாவையும் வரச் சொன்னாள். வாசல்வரைதான் வருவேன் என்றவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் சொல்லி முடிக்கும்முன், "இவ இல்லம்மா, நான்தான் அவனக் கடைசியா தூளில போட்டேன். சரியாப் போடலயோன்னு இன்னிவரைக்கும் நெனச்சிக்கிட்டிருக்கேன்" என்றார். ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமல் இதைச் சுமந்திருக்கிறோம். அன்று ஆட்டோ பிடிக்கத் தோன்றாமல் அடையாறு பாலத்தைத் தாண்டி நடந்தே வந்தோம், வழியெல்லாம் அவன் யார் சாயல் என்று பேசிக்கொண்டு. உன் நெற்றிதான் அவனுக்கும் என்கிறார் அப்பா.

குணமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். விரல் இன்னும் துறுதுறுக்கிறது. மூச்சு பார்க்க எழுந்து போகத் தோன்றினால் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறாள், சில நாள் முடிகிறது, நேற்று முடியவில்லை. டிக்கெட் அனுப்பு என்று கேட்கவில்லை, நீயாகக் கூப்பிடும்போது வருகிறேன். மறைத்ததற்குக் கோபம் வந்தால் போன் பண்ணித் திட்டு, மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. வருகிற இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள், முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்குப் பூ எடுத்துப் போகிறோம். அங்கே நீயும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

ஸ்டீவுக்கும் உனக்கும் அம்மா,
மர்சலின்