அக்கா காலுக்கு ஒரு ஒட்டு

13, வியாழன். விடாத தூறல்.

அக்காவின் கால் கிழிந்துவிட்டது. இடது கால். செயற்கைக் கால். உளுந்தூர்பேட்டையில் லாரி காலில் ஏறி ஆறு வருடம். முழங்காலுக்குக் கீழே கம்பி, அதற்குக் கீழே ஸ்பாஞ்சுப் பாதம், அதன்மேல் காலுறை மாதிரி சிலிக்கான் தோல். விரல், நகம் எல்லாம் உண்டு. பஸ் படியில் நீட்டிக்கொண்டிருந்த தகரம் குதிகாலில் நாலு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. கண்டக்டர் பதறிப்போய், "இன்னாம்மா, ரத்தமே வரல!"

அக்கா: "எனக்கு கொஞ்சம் கம்மிங்க."

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. திங்கட்கிழமை வெள்ளிமலைப் பள்ளியில் வேலைக்குச் சேர வேண்டும். தற்காலிக டீச்சர்தான். பத்து மணிக்குள் போகாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள். கிழிசலோடு போனால் செருப்பு நிற்காது, மலை மழையில் ஸ்பாஞ்சு ஊறிப்போகும்.

கால் கொடுத்த அலுவலகத்துக்குப் போன் போட்டேன். புதுத் தோல் அடுத்த முகாமில்தானாம். முகாம் எப்போது? தெரியாதாம். கால் இல்லை என்பதற்குப் புதுச் சான்றிதழ் வேண்டுமாம். பழையது செல்லாதாம்.

"நடுவுல மொளச்சிருக்கும்னு பாக்கறீங்களா சார்?"

போனை வைத்துவிட்டான்.

14, வெள்ளி. கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

அத்தாவுக்குப் பிளாஸ்டிக் கடை. வாளி, குடம், மக்கு. ஓட்டை வாளி எது வந்தாலும் கத்தியைக் காய்ச்சி, இழுத்து, உருக்கி அடைத்துவிடுவார். அதில் ஒரு கர்வம். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த கையோடு அடுப்பில் கத்தி.

"அத்தா, இது சிலிக்கான். உருகாது."

"முப்பது வருசமா பிளாஸ்டிக்குலயே பொழங்கிக்கினு கீறேன். எனக்கே சொல்றியா?"

"நான் கெமிஸ்ட்ரி படிச்சிருக்கேன்."

"படிச்சி? வூட்லதான குந்திக்கினு கீற."

(உண்மை. ரெண்டு வருடமாக.)

உருகவில்லை. கருகியது. ஓரத்தில் வெள்ளைச் சாம்பல். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாங்க இது, புள்ள கால சுட்றீங்க!" தோலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா, "ஐயோ! ஆ!" என்றாள். அம்மா நிஜமாகவே தண்ணீர்ச் சொம்போடு ஓடினாள்.

இதுவரை ஒட்டாதவை: காய்ச்சிய கத்தி. சைக்கிள் பஞ்சர் பட்டை. உடனடிப் பசை. கடைசியில் சொன்னது அத்தாவின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் ஒட்டியது. சாயங்காலம் முழுக்கக் கல்லாவில் 'சூப்பர்' என்று காட்டியபடி உட்கார்ந்திருந்தார். வாளி வாங்க வந்தவர் நம்பி வாங்கிப் போனார்.

15, சனி. மறுபடி மழை.

சிலிக்கானில் சிலிக்கான்தான் ஒட்டும். நான் நேற்றே சொன்னேன், இந்த வீட்டில் யார் கேட்டது?

ஹார்டுவேர் கடை. கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் கேட்டேன்.

"இன்னா ஒட்டணும்? மீன் தொட்டியா?"

"கால்."

"மேசைக் காலா?"

"அக்கா கால்."

வெள்ளை, கறுப்பு, நிறமில்லாதது, மூன்றுதான் இருக்கிறதாம். எந்த நிறம் என்று அக்காவுக்குப் போன். அவள், "ஒட்றதுதான் ஒட்ற, முழுசா என் நெறத்துக்கு மாத்திடேன்டி."

அந்தத் தோல் வெள்ளைவெளேர். ஒரே நிறத்தில்தான் தருகிறார்கள். நாங்கள் நல்ல கறுப்பு. ஆறு வருடமாகச் சங்கராபுரம் பஸ்ஸில் யாராவது ஒருத்தி, "ஏம்மா, அந்தக் காலுக்கு மட்டும் இன்னா கிரீம் போட்ற?" யார் காலைப் பார்த்து இந்த நிறத்தைச் செய்தார்கள்? எங்கள் தெருவில் அந்த நிறத்தில் ஒரு கால்கூடக் கிடையாது. இலவசம் என்றால் கொடுப்பவன் நிறம்.

நிறமில்லாத டியூப் இரண்டு, ஸ்டேஷனரிக் கடையில் ஓவியர்கள் வாங்கும் ஆயில் பெயின்ட். சோப்பில் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்துக் கிழிசலை ஒட்டினேன். இழுத்துக் கட்டியாயிற்று. வீடெல்லாம் வினிகர் நாற்றம்.

16, ஞாயிறு. ஈரக்காற்று.

இந்தப் பசை ஈரத்தில்தான் சீக்கிரம் இறுகும். இந்த மழை முதல் முறையாக எங்களுக்கு வேலை செய்கிறது.

ஒட்டு பிடித்துக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை. இனி நிறம்: மிச்ச சிலிக்கானில் பெயின்ட்டைக் குழைத்து மேலே பூச வேண்டும். அக்கா வலது காலை முக்காலியில் நீட்டினாள். நான் கலக்கக் கலக்க, அத்தா எட்டிப் பார்த்தார். பிறகு பொறுக்கவில்லை.

"செவப்பு ஜாஸ்தி. மண் கலர் கொஞ்சம் போடு. வெரலு முட்டிங்கள்ள இன்னும் கறுப்பு."

முப்பது வருடம் குடத்துக்கு மூடி நிறம் பார்த்த கண். அவர் சொன்னபடியே செய்தேன். நகத்துக்கு மட்டும் அக்கா தன் சிவப்புப் பாலிஷ். விசிறியால் வீசி வீசி அம்மாவுக்குக் கை வலி.

17, திங்கள். மலையில் பனி.

முதல் பஸ்ஸில் அக்காவும் நானும். மலைப் பாதையில் எனக்கு வாந்தி, அவளுக்கு ஜன்னல். காலில் வினிகர் வாடை இன்னும் போகவில்லை; பக்கத்துச் சீட்டு அம்மா, "யாரோ ஊறுகா எட்தாந்துக்கினு கீறாங்க" என்று கடைசிவரை தேடினார். காலை யாரும் பார்க்கவில்லை.

ஹெச்.எம். காகிதத்தைப் பார்த்தார். "மாற்றுத்திறனாளி இடம்னு போட்டிருக்கே. யாரு?" என்னைப் பார்த்தார்.

"நான்தான் சார். கால்."

"எந்தக் கால்மா?"

"நீங்களே சொல்லுங்க சார்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். வலது காலைக் காட்டினார்.

அக்கா வலது கால் விரல்களை ஆட்டிக் காட்டினாள். பதிவேட்டில் கையெழுத்து. மணி 9.50.