நீ மட்டும் வா என்று எழுதியிருந்தாய்

ஸ்பால்டிங், லிங்கன்ஷையர்
7 ஆகஸ்ட் 2016, ஞாயிறு

என் அன்பு ஹேசலுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் யென்ஸும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அதே போல நலமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். கால் வீக்கம் வடிந்ததா? படுக்கும்போது காலுக்கடியில் ஒரு தலையணை வைத்துக்கொள், உப்பைக் குறை, உங்கள் ஜெர்மன் ஊர்ப் புளித்த முட்டைக்கோஸை நாக்கு எவ்வளவு கேட்டாலும் தள்ளி வை. நீ அனுப்பிய கடிதமும் விமான டிக்கெட்டும் புதன்கிழமை வந்து சேர்ந்தன. செப்டம்பர் பத்தாம் தேதி பிரேமனுக்கு, என் பெயரில் ஒரே ஒரு டிக்கெட். பிரசவத்துக்கு நீ மட்டும் வாம்மா, அப்பா வேண்டாம், அவர் முகத்தைப் பார்க்க இப்போதைக்கு என்னால் முடியாது என்று எழுதியிருந்தாய். சமையலறையில் நின்றபடியே அதை மூன்று தடவை படித்தேன். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் பதிலுக்கு முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்லியாக வேண்டும். ஃபோனில் சொல்லலாம்தான், உன் குரலைக் கேட்டால் எனக்கு நிஜம் வாயில் வராது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று ஓட்டுப் போடும் அன்று நானும் அப்பாவும் சேர்ந்துதான் சர்ச் கூடத்துக்குப் போனோம். அங்கே கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே, எந்தத் தேர்தலிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. பென்சிலில் போட்டால் அழித்துவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டு, பாதிப் பேர் வீட்டிலிருந்தே பேனா கொண்டு வந்திருந்தார்கள், பக்கத்து வீட்டு ஷீலா மூன்று பேனா, ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று என்று. போட்டு முடித்து வெளியே வந்ததும் அப்பா காருக்குப் பக்கத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "வாழ்க்கையில மொத தடவையா பிரஸ்ஸல்ஸ்காரனுக்காக ஒரு ஓட்டு போட்டிருக்கேன், வெளிய யார்கிட்டயும் மூச்சு விட்டுராதே, கிளப்புல என்னைத் தூக்கி ஆத்துல போட்டுருவானுங்க" என்றார். ஆமாம் ஹேசல், உன் அப்பாதான். இருபத்தாறு வருஷம் காலிபிளவர் லாரியை ஓட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய், ஒவ்வொரு தடவையும் அங்கே காட்டச் சொன்ன காகிதங்களைத் திட்டிக்கொண்டே திரும்பிய அதே மனுஷர்தான் ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்று போட்டார். நம்ம பொண்ணு அங்க இருக்கா, அதுக்கு மேல எனக்கு என்ன அரசியல் தெரியும் என்றார். நான் சிரித்து வைத்தேன். வெளியேறலாம் என்று போட்டது நான்.

மறுநாள் விடியும்போதே அவர் எழுந்து டிவியைப் போட்டார். நான் கெட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஐயோ, ஹேசல் என்ற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார், என் முகத்தில் என்ன இருந்ததோ, "நீயா கிளெண்டா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அரை மணி நேரத்தில் உன் ஃபோன் வந்தது. நான் எழுவதற்குள் அவர் போய் எடுத்துவிட்டார். நீ கத்தியது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. "நீங்க ஜெயிச்சிட்டீங்க இல்ல? சந்தோஷமா? என் பிள்ளை பிறக்கப்போற ஊர்ல இனிமே நான் யாருப்பா?" என்று கேட்டாய். அவர் மறுக்கவில்லை. சரிம்மா, சரிம்மா, நீ அழாதே, உடம்பைப் பார்த்துக்கோ என்று மட்டும் சொன்னார், அப்புறம் நீ வைத்துவிட்டாய். நானும் அவர் பக்கத்தில் வந்து நின்றேன், கையை நீட்டி ஃபோனை வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. அன்று சாயங்காலம் கிளப்பில் அவருக்குக் கை குலுக்கல் என்ன, முதுகில் தட்டல் என்ன, அப்பா பெயரைச் சொல்லி, நெவில் வாங்கிய சுதந்திரம் என்று ஆளாளுக்கு பீர் ஊற்றினார்களாம். போடாத ஓட்டுக்கு மகளிடம் திட்டும் ஊரில் பாராட்டும் வாங்கிக்கொண்டு வந்து, பசி இல்லை என்று படுத்துவிட்டார்.

சனிக்கிழமை என் சலூன் கடையைத் திறந்தேன். நம் ஊரில் பத்துக்கு ஏழு பேர் வெளியேறலாம் என்று போட்டார்கள் என்று உனக்குத் தெரியும், ஆனால் அந்த ஏழு பேரும் ஒரே மாதிரி இல்லை, முப்பது வருஷமாக இந்த ஊர்ப் பெண்களின் தலையைப் பிடித்துப் பார்க்கிறவள் சொல்கிறேன். ஷீலா கேக் கொண்டு வந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள். முட்டைக்கோஸ் பேக்டரியில் வேலை பார்க்கும் ஜேனட், சும்மா அவங்களைக் கொஞ்சம் பயமுறுத்தலாம்னுதான் போட்டேன், இப்படி நிஜமாவே ஜெயிக்கும்னு யார் கண்டா என்று டிரையருக்கு அடியில் உட்கார்ந்து புலம்பினாள். தபால் ஆபீஸ் விதவை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், அவள் பேரன் கடல் தாண்டி மால்மோவில் படிக்கிறான். இத்தனைக்கும் நடுவில் என் ரசா கத்திரிக்கோலும் சீப்புமாக நின்றுகொண்டிருந்தாள். பதினோரு வருஷம் முன்னால் லிதுவேனியாவிலிருந்து வந்து என்னிடம் வேலை கேட்டவள், இன்றைக்குக் கடையை நடத்துவதே அவள்தான். ஷீலா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "உன்னைச் சொல்லலடி கண்ணு, மத்தவங்களத்தான்" என்றாள். ரசா முகம் மாறாமல், "அந்த மத்தவங்கள்ல எங்க அக்காவும் ஒருத்தி ஷீலா, தலையைக் கொஞ்சம் குனிங்க" என்றாள்.

திங்கட்கிழமை அவள் மகள் உக்னேயிடம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, நீ எப்ப உங்க வீட்டுக்குப் போவே என்று கேட்டிருக்கிறது. அந்த எட்டு வயசுக் குழந்தை, மூணே கால் மணிக்கு, பெல் அடிச்சதும் என்று சொல்லியிருக்கிறாள். ரசா இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்து முடிப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "நீங்க எப்படிப் போட்டீங்க கிளெண்டா?" என்று அப்போதுதான் கேட்டாள். இருக்கணும்னுதான் என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த அணைப்பை இறக்கி வைக்க எனக்கு இடமே கிடைக்கவில்லை, ஆறு வாரமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஏன் போட்டாய் என்று நீ கேட்பாய். டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, பஸ் நிறுத்தத்தில் வெளிநாட்டுக்காரர்கள் பேசுவதில் ஒரு வார்த்தை புரியவில்லை, எந்தத் தேர்தலிலும் இங்கே ஒரே கட்சிதான் ஜெயிக்கும், என் ஓட்டை எவனும் எண்ணியதாகவே நான் நினைத்ததில்லை, இந்த ஒரு தடவையாவது லண்டனில் இருக்கிறவர்களுக்கு நம் குரல் கேட்கட்டும் என்று பல காரணம் சொல்லலாம். அந்தக் காரணங்களுக்காகப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வலி அவர்களுக்கு. ஆனால் பென்சிலைக் கையில் எடுத்த நேரத்தில் எனக்கு அது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நீ கல்லூரியில் படிக்கும்போது ஒரு கடிதம் வந்தது, மூலையில் வட்டமாக மஞ்சள் நட்சத்திரங்கள், ஒரு வருஷம் பிரேமனில் படிக்கலாம், செலவை ஒன்றியம் பார்த்துக்கொள்ளும் என்று. ஒரே வருஷம்தாம்மா என்று சொல்லிவிட்டுப் போனாய். எட்டு வருஷம் ஆகிறது. அந்த நட்சத்திரங்கள்தான் என் கண்ணுக்குத் தெரிந்தன. என் பெண்ணைக் கொண்டுபோனவர்களுக்கு ஒரு அடி கொடுக்கிறேன் என்று நினைத்துக் கோடு போட்டேன். அந்த அடி உன் மேல்தான் விழும் என்று சீட்டைப் பெட்டிக்குள் போடுகிற வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை ஹேசல். ஒரு அம்மாவின் பொறாமை, அவ்வளவுதான், அதைக் கொண்டுபோய் ஒரு நாட்டின் வாக்குப்பெட்டியில் போட்டேன்.

உன் டிக்கெட் வந்த அன்று அப்பாவிடம், இனிமேல் தாங்காது, ஹேசலுக்கு எழுதிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "அவளுக்கு யார் மேலயாவது கோவப்பட்டே ஆகணும், என் மேலயே இருக்கட்டும். பிரசவ நேரத்துல பொண்ணுக்கு அம்மா வேணும், நான் எதுக்கு? திட்டு வாங்கறதுக்கு நான் போதும்" என்றார். இதைச் சொல்லிவிட்டுப் பழைய லாரிக்காரர் மாதிரி மேப்பை விரித்து, விமான நிலையத்துக்கு என்னை எந்த வழியில் கொண்டுபோய் விடலாம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை முதலில் ரசாவிடம் சொன்னேன், எழுதுவதற்கு முன்னால் ஒரு முகத்துக்கு நேராகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அன்றும் மறுநாளும் தலைகளை மட்டும் பார்த்து வேலை செய்தாள். நேற்றுக் கடை மூடும்போது, "அன்னிக்கே நிஜத்தைச் சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன், அவ்வளவுதான். ஆறு வாரமா இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு ஆள் இருக்காங்கன்னு நம்பிட்டு இருந்தேன் பாருங்க, அதுதான் மனசு ஆறல" என்றாள். கடைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டுதான் போனாள். செவ்வாய்க்கிழமை வருவாளா என்று தெரியவில்லை. உன்னிடமும் இனி ஒரு நாள் தாமதித்தால் அதே தப்பைத்தான் திரும்பச் செய்கிறேன் என்று புரிந்தது.

இப்போது உன் கடிதத்துக்குப் பதில். அந்த டிக்கெட்டில் நான் வர மாட்டேன். நல்லவள் என்ற பெயரில் உன் வாசலில் வந்து நின்று உன் பிள்ளையை வாங்க என் கைக்குத் தைரியம் இல்லை. என் மேல் கோபப்படு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் படு, அது எனக்கு வர வேண்டியதுதான். மனம் வந்தால் இரண்டு பேரையும் கூப்பிடு. ஒருவர்தான் என்றால் அவரைக் கூப்பிடு. ஆம்பளைக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. நீ பிறந்த வருஷம்தான் நான் கடை ஆரம்பித்தேன், சனி ஞாயிறெல்லாம் உன்னைக் குளிப்பாட்டித் துவட்டித் தூங்க வைத்தது அவர்தான், சோப்பு கண்ணில் படாமல் தலைக்கு ஊற்ற எனக்குக் கற்றுக் கொடுத்ததே அவர்தான்.

யென்ஸுக்கு எங்கள் அன்பைச் சொல். உனக்குச் சுகமாகப் பிரசவம் ஆகட்டும், பிள்ளை முழு உடம்போடு, நல்ல தொண்டையோடு பிறக்கட்டும், எந்த நாட்டுக் காகிதம் கையில் இருந்தாலும் இந்த வீட்டுக் கதவு அதற்கு உன் வீட்டுக் கதவு போலத்தான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இது கையில் கிடைத்த அன்றே அப்பாவுக்கு ஃபோன் செய். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், உங்கம்மாவுக்கு வயசாயிடுச்சு, ஏதோ குழப்பத்துல எழுதிட்டா, போட்டது நான்தான் என்று அடித்துச் சொல்வார். நம்பாதே.

உன் அம்மா,
கிளெண்டா