நாரை: பூஜ்யம்

யாவோரவோ
2025 ஜூன் 3

என் மகள் நெவியானாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் ரலித்சாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மாடு கன்று போட்டது, கிடாரி. மிளகாய் நாற்று நட்டாயிற்று. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்தில் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிட்டால் உன் பெண் ரலித்சா போனைக் கையிலிருந்து இறக்குவதில்லை, அவள் காதுபட இதைப் பேச முடியாது. தவிர, நான் உன்னோடு பேசிப் பதினைந்து மாதம் ஆகிறது. ஏன் என்று உனக்கே தெரியும். பேருந்துப் படியில் நின்றுகொண்டு, 'நீ என்னை ஒழுங்கா வளர்த்திருந்தா நான் ஏம்மா ஸ்பெயினுக்கு ஓடுறேன்' என்றாய். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தான். நான் அதை மறக்கவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல.

போன மாதம் பதினாறாம் தேதி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் துன்ஜா ஆற்றோரச் சதுப்புக்கு அழைத்துப்போனார்கள். அறிவியல் பாடத்தை வெளியே போய்க் கண்ணால் பார்த்து எழுதவேண்டுமாம். ஆளுக்கொரு நோட்டு. உயிரினத்தின் பெயர், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று மூன்று கட்டம். கூட்டிப்போனது மிலேவா டீச்சர். எனக்கு டீச்சராக இருந்தாளே, அவளுடைய மகள். 1964 மே மாதம் இதே சதுப்புக்கு எங்கள் வகுப்பு போனபோது, ரப்பர் பூட்ஸ் இல்லை என்று அந்தத் தாய்க்காரி என்னை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டாள். 'உங்க வீட்டு வாத்து அங்கதானே மேயுது, சாயங்காலம் அதுகிட்ட கேட்டுக்கோ' என்றாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள். யார் யார் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன்.

அதனால் ரலித்சாவுக்கு மஞ்சள் நிறத்தில் புது பூட்ஸ் வாங்கினேன். பானிட்சா சுட்டு, முட்டை அவித்து, பாலாடைக்கட்டி வைத்துக் கட்டினேன். முதல் நாள் அவள் வந்து, 'பாட்டி, சதுப்புல நாரை இருக்குமா' என்று கேட்டாள். ஊர்ப்பட்டது இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கன்றிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். பறவை என்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

போனவள் இடுப்பு வரை நனைந்து வந்தாள். கேட்டதற்கு 'வழுக்கிட்டேன்' என்றாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை மதிப்பெண் வந்தது. ரெண்டு. பெயில். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். சொல்ல வேண்டியதை அறுபத்தொரு வருடமாக வைத்திருந்தேன். 'உங்க அம்மா என்னை வாசல்ல நிறுத்தினா, நீ என் பேத்திக்கு ரெண்டு போடுற. இது என்ன, குடும்பத் தொழிலா' என்று கேட்டேன்.

அவள் அலமாரியைத் திறந்தாள். ரலித்சாவின் நோட்டை என் முன்னால் விரித்தாள். தவளை: பதினேழு, கத்திக்கொண்டிருந்தன. தட்டான்: ஒன்பது. ஆமை: மூன்று, வெயில் காய்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம். கையெழுத்து அச்சாக உன்னுடையது. கடைசி வரியில், செங்கால் நாரை: பூஜ்யம்.

டீச்சர் மெதுவாகத்தான் சொன்னாள். 'ருசாம்மா, அன்னிக்கு முப்பத்தொரு நாரை இருந்துச்சு. ஒண்ணு இவளுக்குப் பத்தடி பக்கத்துல வந்து தவளை பிடிச்சுது. கூடப் படிக்கிற சியானா இவ தோளைப் பிடிச்சு, "ஏய் இங்க பாருடி, உன் மூக்குக்கு நேரா நிக்குது"ன்னு திருப்பினா. இவ கண்ணை இறுக்கி மூடிட்டுப் பின்னாலயே நடந்து தண்ணியில விழுந்தா. விழுந்தும் கண்ணைத் திறக்கல. இருக்கறத இல்லைன்னு எழுதினா நான் எப்படி மார்க் போடுறது, நீங்களே சொல்லுங்க.'

ரலித்சாவின் கையில் கட்டியிருக்கும் மார்ச் நூல் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அந்த நூலை அவிழ்க்க, பூத்த மரத்தைப் பார்த்தாலே போதும் என்பார்கள் மலைப் பக்கத்தில். நம் ஊரில் அது செல்லாது. மார்ச் ஒன்றாம் தேதி கட்டின சிவப்பு வெள்ளை நூலை, நாரையைப் பார்த்த பிறகுதான் அவிழ்த்து மரத்தில் கட்ட வேண்டும். நீ கிளம்பிய நாளும் ஒரு மார்ச் ஒன்றுதான், போன வருடம், வெள்ளிக்கிழமை. பேருந்து நிலையத்தில் அவள் இடது கையில் நூலைக் கட்டினாய். அந்த நூல் இன்னும் அவள் கையில் இருக்கிறது நெவியானா. சிவப்பு எது, வெள்ளை எது என்று தெரியவில்லை, எல்லாம் சாம்பல். இந்த மார்ச்சில் நான் புதிதாக முறுக்கிக் கொடுத்தேன். 'ஏற்கெனவே ஒண்ணு இருக்கு' என்று ஆணியில் மாட்டிவிட்டாள். குளிர்காலத்தில் கை வளர்ந்து நூல் தோலை அறுத்தது. கத்தரிக்கோலை எடுத்தேன், என் கையைக் கடித்துவிட்டாள். அப்புறம் நடுவில் வெட்டி, கொஞ்சம் கம்பளி நூல் சேர்த்து நீளமாக்கினேன். முடிச்சைத் தொட விடவில்லை. அது நீ போட்ட முடிச்சு.

அன்று பள்ளியிலிருந்து வரும் வழியில் கேட்டேன், ஏன்டி பொய் எழுதினாய் என்று. அவள் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதுகிறேன். 'நான் பொய் எழுதல பாட்டி. நான் ஒண்ணுகூடப் பாக்கல. நாரையப் பாத்து நீ இத அவுக்கறதுக்குள்ள வந்துடுவேன்னு அம்மா சொன்னா. நான் பாத்துட்டா அம்மா சொன்னது பொய்யாயிடும்ல.'

தேவாலயத்துக்கு எதிர்க் கம்பத்தில் நாரைக் கூடு இருக்கிறதே, இரண்டு வசந்தமாக அவள் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. குளத்துப் பக்கம் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள், தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை. நீ வெயில் காலத்தில் வருவாய் என்று நானும்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவள் ரப்பரை எடுத்து ரெண்டை அழித்தாள், பூஜ்யத்தையும் அழித்தாள். 'இந்தக் கட்டம் காலியா இருக்கட்டும், ருசாம்மா. அவ பாக்கும்போது எழுதட்டும்' என்றாள். அவள் அம்மா மேல் எனக்குள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. இவள் மேல் இல்லை.

இதற்குக் கீழே எழுதுவதைத் தனியாக இருக்கும்போது படி. ஈஸ்டருக்கு வலென்சியாவிலிருந்து வந்த ஸ்தானா ரொட்டிக்கடை வரிசையில் நின்று, 'உன் மகளுக்கு நாலு மாசமாமே, உனக்குத் தெரியாதா' என்று கேட்டாள். தெரியும் என்று சொன்னேன். ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அவன் நல்லவனா என்று நான் கேட்கவில்லை. நீ அங்கேயே இருக்கப்போகிறாய் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ரலித்சாவுக்குத் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்ல வேண்டியவளும் நான் இல்லை.

திரும்பி வந்துவிடு என்று கேட்கவில்லை. ஒரு நாள் வா. வயிற்றோடு வந்தால் ஊர் பேசும் என்று யோசிக்காதே. யார் வாய் திறந்தாலும் அவர்கள் வீட்டுக் கதை எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேவாலயத் தெரு வழியாக நட. கம்பத்தின் மேல் நாரை நிற்கும். இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். நீ போட்ட முடிச்சை நீயே அவிழ்த்துவிடு. அதற்கப்புறம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போ. அவள் அழுவாள். நான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் பாதியில் நாரைகள் கிளம்பிவிடும். கம்பளி நூலில் இன்னும் இரண்டு விரற்கடை சேர்த்துக் கட்டியிருக்கிறேன், அதுவரை தாங்கும்.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். கனமானதைத் தூக்காதே. என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது. நீ அன்று படியில் நின்று சொன்னதை நான் மறக்கமாட்டேன், இருந்தாலும் பேருந்து நிலையத்துக்கு வருவேன். நானே முதலில் பேசுவேன்.

உன் அம்மா,
ருசா