மெட்டி போட்ட எழுத்து

மாப்ளே,

மேசைமேல் என் பேத்தியின் லக்னப் பத்திரிகை இருக்கிறது. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் இன்னும் மணக்கிறது. அந்த மணத்தில் தேவாரம் கடைவீதியில் இருந்த உன் அச்சகம் நினைவுக்கு வந்துவிட்டது.

என் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தபோது நீ ஓர் எழுத்தைக் காட்டினாய். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அழகு தெரிந்தது. ஒரு கோடு வாழைத்தண்டு போலத் தடிமன், அடுத்தது வாழைநார் போல மெலிசு. கோடு முடியும் இடத்தில் சின்னதாக ஒரு குறுக்குக் கீற்று.

"காலுக்கு மெட்டி போட்ட மாதிரி இருக்கே! எல்லாத்தையும் இதுலயே அடிச்சிரு" என்றேன்.

"ஏலே, இது பொண்ணு மாப்பிள்ளை பேருக்கு மட்டுந்தான். பெரிசா, சுத்தி இடம் விட்டுப் போடணும். மண்டபத்துக்கு வழி சொல்றதைப் பொடிசா இதுல போட்டா மெலிசுக் கோடு கண்ணுக்கே தெரியாது. வர்ற சனம் மூணாறு போயிரும்" என்றாய்.

அவன் நிச்சயத்தன்று சபையில் அந்தப் பத்திரிகையை வாசிக்க வேண்டியவன் நான். எனக்காக நீ எழுந்து வாசித்தாய். உட்காரும்போது, "நாளைக்குப் பேத்தி பொறந்தா அவளுக்கு நீதான் வாசிக்கணும் மாப்ளே. எப்பவும் நான் வந்து நிக்க மாட்டேன்" என்று காதில் சொன்னாய். போன ஐப்பசியில் போயே விட்டாய்.

அதற்குப் பிறகுதான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே புத்தகத்தில் எல்லாக் கோடும் ஒரே தடிமன். "தாத்தா, என் பத்திரிகையை முழுக்க உங்க புத்தக எழுத்துலயே அடிச்சிருவோமா?" என்று பேத்தி கேட்டாள்.

"மத்ததெல்லாம் அதுல இருக்கட்டும் ஆத்தா. பேரு ரெண்டும் மெட்டி போட்டுத்தான் வரணும்" என்றேன்.

நேற்று சபை கூடியது. விரலை வைத்து வாசித்தேன். நாள், நேரம், ஊர் எல்லாம் வந்தன. பேத்தி பெயரில் நின்றுவிட்டேன். மெலிசுக் கோடு கண்ணில் படவில்லை.

"பேத்தி பேரையே மறந்துட்டாகளோ?" என்றார் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர். சனம் சிரித்தது.

பெயரை அப்படியே சொல்லியிருக்கலாம். நான் வைத்த பெயர்தானே. ஆனால் வாசிக்க அல்லவா எழுந்தேன்! தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். முதலில் தண்டு தெரிந்தது, பிறகு நார், கடைசியில் மெட்டி. எழுத்து எழுத்தாக வாசித்து முடித்தேன். "நல்லா வாசிச்சாகப்பா" என்றார் அதே மனிதர். "இன்னொரு தடவை வாசிக்கவா?" என்று கேட்டேன். "போதும் தாத்தா, காப்பி ஆறுது" என்றாள் பேத்தி.

இன்று காலை தேனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளில் மெட்டி தேடினேன். ஒரு நகைக்கடைக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. பழனிசெட்டிபட்டியில் ஓர் உரக்கடையும் போட்டிருக்கிறது. நீ இருந்தால், "யூரியாவுக்குப் பட்டு வேட்டி எதுக்குடா?" என்றிருப்பாய்.

இந்த மடலின் முதல் வரியில் 'மாப்ளே' என்று இருப்பதைப் பார். தண்டும் நாருமாகப் பேனாவால் வரைந்திருக்கிறேன். மெட்டி கொஞ்சம் கோணல்தான். ஆனால் நானே போட்டது.