வேனுக்காக ஒரு ரேஸ் கார்

மார்ச் 3, செவ்வாய்

டெப்போவில் இன்று நான்கு பஸ்ஸுக்கு கிளட்ச் பிளேட் மாற்றினேன். நகத்துக்குள் போன கிரீஸ் வெளியே வரமாட்டேன் என்கிறது. காலையில் என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரி வாசலில் டயாலிசிஸுக்கு இறக்கிவிட்டு டெப்போ. மதியம் பர்மிஷன் போட்டு இவரைக் கூட்டிக்கொண்டு வீடு. மறுபடி டெப்போ. வாரத்தில் மூன்று நாள் இதே ஓட்டம்: செவ்வாய், வியாழன், சனி.

சாயங்காலம் வந்தால் வாசலில் நாலு பேர். கணக்கு வாத்தியார், பேக்கரிக்காரர், டெய்லர், என் நாத்தனார். நாத்தனார் தண்ணீர் லாரி ஓட்டுகிறவள், அவள் குரல் தெருமுனைக்கே கேட்கும்.

விஷயம் இதுதான். எங்கள் பகுதியில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இவரோடு சேர்த்து ஆறு பேர். ஒருவர் மகனின் பைக்கில், ஒருவர் இரண்டு பஸ் மாறி. அவர்களுக்கென்று ஒரு வேன் வேண்டும். மே மாதம் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடக்கிறது. நானூறு மீட்டர் நேர் ரோடு, இரண்டு இரண்டு காராக ஓட வேண்டும். ஜெயிக்கிற குழு சொல்லும் நல்ல காரியத்துக்கு ஒரு புது வேன் பரிசாம்.

"கார் எங்கே இருக்கு?" என்றேன்.

"நீங்கதான் செய்யணும்" என்றார் பேக்கரிக்காரர்.

"நான் பஸ் மெக்கானிக்குங்க. ரேஸ் காருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"இஞ்சின்னா இஞ்சின்தானேம்மா" என்கிறார் வாத்தியார். அவர் வாழ்க்கையில் ஒரு ஸ்பேனரைத் தொட்டிருப்பாரா?

இவர் உள்ளே கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும், "சரின்னு சொல்லேன். வேன் வந்தா உனக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்" என்றார். சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு எதிரி வெளியில் யாரும் இல்லை, என் வாய்தான்.

மார்ச் 7, சனி

கார் வந்தது. டெய்லரின் மச்சான் கொடுத்த பழைய டாக்ஸி. தரையில் துரு தின்ற ஓட்டை வழியாக என் செருப்பைப் பார்க்கலாம். பேக்கரிக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் நிறுத்தியிருக்கிறோம். ஒரு பக்கம் ரொட்டி வாசனை, ஒரு பக்கம் நான் தகரம் வெட்டுகிற வாசனை.

இனி சனிக்கிழமை மட்டும் ஆட்டோவில் தானே போய் வருவதாக இவர் சொல்லிவிட்டார். "நீ காரைப் பாரு." வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. மூன்றில் ஒரு நாள் குறைவது எவ்வளவு பெரிய விஷயம்!

மார்ச் 15, ஞாயிறு

இன்று கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. எடை மேடையில் காரை ஏற்றினால் முள் எங்கேயோ போய் நிற்கிறது. காரணம் என்ன? பின் சீட்டுக்கு டெய்லர் நாலு விரல் உயரத்துக்கு ஸ்பாஞ்ச் வைத்து மெத்தை தைத்திருக்கிறார். பேக்கரிக்காரர் தன் ரேடியோவையும் இரண்டு பெரிய ஸ்பீக்கரையும் மாட்டியிருக்கிறார்.

"இது ரேஸ் காரா, வரவேற்பறையா?" என்றேன். "பின் சீட்டுல யார் உட்காரப் போறா?"

"பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க, வெறும் தகரமா இருந்தா?" என்கிறார் டெய்லர்.

கனத்தைக் குறைங்க, கனத்தைக் குறைங்க என்று நான் சொல்வதை இப்போது என் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ரேடியோ கழன்றது, மெத்தை கழலவில்லை. டெய்லர் அழுதுவிடுவார் போல இருந்தார், விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் நன்றாக நடக்கிறது. காரின் மேல் தங்கள் பெயரை எழுதிக்கொள்ள ஜனங்கள் வந்து தங்களால் ஆனதைக் கொடுக்கிறார்கள். வேன் ஓட டீசல் வேண்டுமே, அதற்கு அந்தப் பணம். பானெட் நிறைந்து கதவுக்கு வந்துவிட்டது பெயர்கள்.

மார்ச் 26, வியாழன்

கழுத்து பிடித்துக்கொண்டது. இவ்வளவுதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நேற்று இஞ்சினை இறக்கி உட்கார வைத்தோம். விபத்தில் நசுங்கிய பிக்கப்பின் இஞ்சின், ஆனால் உள்ளே தங்கம். மூன்றாவது சாவித் திருப்பலில் உறுமியது. பேக்கரிக்காரர் தட்டில் வைத்திருந்த பன்னைக் கீழே போட்டுவிட்டார். நாத்தனார் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள், இடுப்பு போயிற்று.

இவருக்கு இப்போது பரவாயில்லை போல. முன்பெல்லாம் சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்தால் ஞாயிறு முழுக்க வாந்தி, தலைசுற்றல். தூக்கி உட்கார வைத்து, துடைத்து, மறுபடி படுக்க வைத்து. இரண்டு மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை அமைதியாக இருக்கிறது. உடம்பு பழகிவிட்டது என்கிறார். ஆனால் கால் ஏன் இப்படி வீங்குகிறது? கேட்டால், "குழம்புல உப்பு கூடிப்போச்சு" என்று என் சமையல் மேல் பழி. உப்பைக் குறைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை, எனக்குத்தான்.

ஏப்ரல் 18, சனி

சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்து விதியைச் சொன்னேன். இந்த ரேஸில் சும்மா வேகமாகப் போனால் போதாது. நம் கார் நானூறு மீட்டரை எத்தனை செகண்டில் ஓடும் என்று நாமே முன்கூட்டிக் கண்ணாடியில் எழுத வேண்டும். அதிக செகண்டு எழுதியவனுக்கு அந்த வித்தியாசம் அளவுக்கு முதலிலேயே பச்சை விளக்கு எரியும். ஆனால் எழுதியதைவிடச் சீக்கிரம் ஓடிவிட்டால் தோல்வி.

"சீக்கிரம் வந்தா தோல்வியா? என்னங்க அநியாயமா இருக்கு!" என்றார் டெய்லர்.

"மெதுவா ஓடுற மாதிரி எழுதிட்டு ஏமாத்தக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்று வாத்தியார் விளக்கினார்.

"அப்போ கனம் எதுக்குக் குறைச்சோம்?"

"முதல்ல குறைக்கணும், அப்புறம் எழுதணும். எழுதின பிறகு ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அழகாக ஆட்டினார்கள்.

மே 1, வெள்ளி

கியர்பாக்ஸ் உடைந்தது. இன்னும் எட்டு நாள்தான். என்னால முடியல. ஒருத்தியே எத்தனை இடத்துல நிக்கிறது? டெப்போல மேஸ்திரி முறைக்கிறார். வீட்டுல துவைக்காத துணி மலையா கிடக்கு. இவர் ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்குறார், கேட்டா ஒண்ணுமில்லைங்கறார். வேன் வரட்டும், வேன் வரட்டும்னு ரெண்டு மாசமா ஓடுறேன். வந்தா மட்டும் என்ன, அதுக்கும் நான்தானே ஆயில் மாத்தணும்.

எழுதிவிட்டேன். போய் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

மே 9, சனி

தோற்றோம். எப்படித் தோற்றோம் என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

காலையில் பயிற்சி ஓட்டம் இரண்டு. நாத்தனார் ஹெல்மெட்டுக்குள் தலையைத் திணித்துக்கொண்டு லாரி ஓட்டுவது போலவே ஹார்னைத் தேடினாள். இரண்டு தடவையும் பதினைந்து செகண்டு இருபதுக்குப் பக்கத்தில் வந்தது. அதையே கண்ணாடியில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதினேன். முதல் ரவுண்டில் எதிரிக் கார் பச்சை எரியும் முன்பே பாய்ந்து வெளியேறியது. இரண்டாவதில் மயிரிழையில் ஜெயித்தோம். இறுதி ஓட்டம் சிமெண்ட் கடைக்காரரின் சிவப்புக் காரோடு. நடுவில் இடைவேளை விட்டார்கள்.

அப்போதுதான் போன் வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"அக்கா, அண்ணன் இன்னைக்கும் வரலையே. சனிக்கிழமையானா குடும்பத்தோட ஊருக்குப் போறோம்னு சொல்றாரு. எத்தனை வாரம்க்கா போவீங்க? அவர் உடம்பு தாங்காது."

இன்றைய டயாலிசிஸை நேற்றே முடித்துக்கொண்டதாக என்னிடம் சொல்லியிருந்தார். கழிவறைத் தகரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தால் இவர் லாரி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டிக்கொண்டிருக்கிறார். அத்தனை பேருக்கு நடுவில் என்ன கேட்பது? காரைச் சுற்றி ஒரு தடவை பார்க்க வேண்டும், அது என் வழக்கம். பார்க்கவில்லை. இவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சை எரிந்தது. பாதித் தூரத்திலேயே என் காதுக்குத் தெரிந்துவிட்டது, இஞ்சின் சிரமப்படாமல் போகிறது. எங்கள் கார்தான் முதலில் கோட்டைத் தாண்டியது. பேக்கரிக்காரர் ஆட ஆரம்பித்துவிட்டார். வாத்தியார் மட்டும் பலகையைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பதினாலு தொண்ணூறு, எழுதியதைவிடச் சீக்கிரம்.

காரைத் திறந்து பார்த்தேன். ஸ்டெப்னி இல்லை. பின் சீட்டு மெத்தை இல்லை. ஜாக்கி இல்லை.

"ஒரே ஒரு ஸ்டெப்னிதானேம்மா" என்றார் பேக்கரிக்காரர்.

"நீங்க அன்னைக்கே எடுக்கச் சொன்னீங்க. இன்னைக்குத்தான் மனசு வந்துச்சு" என்றார் டெய்லர், மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு.

ஜாக்கியையும் டூல் பாக்ஸையும் எடுத்தது வாத்தியார்! "கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது மட்டும்னா ஒண்ணும் ஆகாது, சரியா வந்துச்சு."

நாத்தனாரைப் பார்த்தேன். "பெட்ரோல்ல பாதியை இறக்கிட்டேன், அண்ணி."

ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லோரும் எனக்கு உதவி செய்திருக்கிறார்கள்.

"சரிடி, முன்னாடி போறோம்னு தெரிஞ்சதுல்ல? கடைசியில கொஞ்சம் பிரேக்கை மிதிச்சிருக்கலாம்ல?"

"அத்தனை ஜனம் கத்துது, நான் முன்னாடி போறேன். அப்போ போய் எப்படி அண்ணி பிரேக் மிதிக்கிறது?"



மே 10, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே இவருக்கு டயாலிசிஸ் ஓடுகிறது. டாக்டர் என்னைத் திட்டினார், நியாயம்தான்.

நேற்று திரும்பும்போது நாத்தனார் லாரியை நிறுத்தி டீ வாங்கப் போனாள். கேபினில் நாங்கள் இருவர் மட்டும்.

"ஊருக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

உடனே புரிந்துகொண்டார். முதலில் ஒன்றிரண்டு வாரம் போனாராம். அப்புறம் சனிக்கிழமையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எதிரில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டு, முடிகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு.

"ஞாயித்துக்கிழமை பூரா என்னைத் தூக்கிப் பிடிச்சுட்டு, திங்கக்கிழமை அப்படியே டெப்போவுக்குப் போவே. உன் முகத்தைப் பார்க்க முடியல. ஒரு நாளாவது நீ படுக்கட்டும்னுதான். அவங்க ஆளுக்கு ஒண்ணு கழட்டினாங்க. நான் சனிக்கிழமையைக் கழட்டினேன்."

எனக்கு வந்ததே கோபம். "யாரைக் கேட்டுக் கழட்டினீங்க? அப்படிக் கிடைச்ச ஞாயித்துக்கிழமையில நான் படுத்தேனா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க! ஷெட்டுலதானே கிடந்தேன், உங்களுக்கு வேன் வரணும்னு! சலிப்பா இருக்குதான், ஆமா. இல்லைன்னு எப்ப சொன்னேன்? சலிச்சுக்கிட்டே செய்வேன். செத்தாலும் செய்வேன். நீங்க போயிட்டா நான் யார்கிட்ட போய்ச் சலிச்சுக்கிறது?"

அழுதேன். அவரும். நாத்தனார் மூன்று டீயோடு கதவு வரைக்கும் வந்து, பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனாள். அவள் சத்தம் போடாமல் நடந்தது இதுதான் முதல் தடவை.

மே 12, செவ்வாய்

வாசலில் இறக்கிவிடவில்லை. உள்ளே போய் எடை மேடையில் அவரை நிறுத்தி நானே பார்த்தேன். நர்ஸிடம் என் நம்பரைச் சரிபார்த்தேன். டெப்போவுக்குத் தாமதம். மேஸ்திரி கத்தினார். கத்தட்டும்.

ஜூன் 4, வியாழன்

சிமெண்ட் கடைக்காரர் எங்கள் காரை விலைக்குக் கேட்டார். கதவில் எழுதிய பெயர்களை அழிக்கக் கூடாது என்று வாத்தியார் நிபந்தனை போட்டார், அவரும் ஒத்துக்கொண்டார். அந்தப் பணத்தில் ஒரு பழைய வேன் வாங்கிவிட்டார்கள், என்னைக் கேட்காமல். இன்று ஷெட்டுக்கு வந்து இறங்கியது. ஸ்டார்ட் ஆகவில்லை. நாலு பேரும் என் வாசலில்.

"பார்க்கிறேன்" என்றேன். "ஆனா சனி, ஞாயிறு என்னைக் கூப்பிடக் கூடாது. வேன் தீப்பிடிச்சாலும் கூப்பிடக் கூடாது."

தலையாட்டினார்கள். இவர்கள் தலையாட்டுவதை நான் நம்புவதாக இல்லை. சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 21, ஞாயிறு

நேற்று வேன் முதல் முறையாக ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து விட்டது. நாத்தனார்தான் ஓட்டினாள். மெதுவாக ஓட்டினாளாம், ஆறு பேரும் குறை சொல்கிறார்கள்.

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தேன். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். தோளைத் தட்டினார்.

"எழுந்திரு. தலை சுத்துது. பாத்ரூம் வரைக்கும் பிடிச்சுக்கோ."

இத்தனை வருஷத்தில் இவர் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதே இல்லை. முன்பெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போய், இரண்டு தடவை விழுந்தும் இருக்கிறார்.

"ஒரு நாளாவது தூங்க விடுறீங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து பிடித்துக்கொண்டேன். அவரும் முழுக்க என் மேல் சாய்ந்துகொண்டார்.